காலையில் மட்டும் வராத வைஃபை

கோத்தகிரியில் டிசம்பர் குளிர் தொடங்கிய நேரம். எங்கள் வீட்டு லேப்டாப்பில் காலையில் உபுண்டு என்ற லினக்ஸைத் திறந்தால் வைஃபை வராது. புளூடூத்கூட வேலை செய்யும். நெட்வொர்க் பட்டியல் மட்டும் காலி. "மலைக் குளிரும் ஈரமும்தான் காரணம், வைஃபை கார்டை மாத்திடலாம்" என்றார் பழுது பார்ப்பவர். காசு செலவழிக்கும் முன் லினக்ஸ் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட நினைத்தேன்.

கட்டளை தட்டும் டெர்மினலில், உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை, டிரைவரையும் காட்டச் சொல்லும் மைனஸ் கே சேர்த்துக் கொடுத்தேன். டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள். இன்டெல் கார்டின் பெயர் வந்தது. சரி, கார்டு சாகவில்லை. ஆனால் எந்த டிரைவர் ஓடுகிறது என்று காட்டும் வரியைக் காணோம். அடுத்து, லினக்ஸின் உள் பதிவுகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளை. ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர் கார்டை எழுப்பப் பார்த்து, மைனஸ் 110 என்ற பிழையோடு கைவிட்டிருந்தது. காத்திருந்தும் பதில் வரவில்லை என்பதற்கான எண் அது. மைனஸ் 2 என்றிருந்தால், கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பே இல்லையோ என்று தேடலாம். இந்த எண்ணைப் பார்க்காமல் டிரைவரை மாற்றி மாற்றிப் போடுவது வீண் அலைச்சல். இருக்கும் டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றினாலும் அதே 110தான்.

அப்புறம்தான் எந்தக் காலையில் வருகிறது, எதில் வரவில்லை என்று கவனித்தேன். அதே லேப்டாப்பில் விண்டோஸும் உண்டு. அண்ணி இரவில் பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதுவது அதில்தான். அவர் ஷட்டவுன் செய்த மறுநாள்தான் வைஃபை இல்லை. கணக்கு எழுதாத நாளுக்கு மறுநாள், விரல் விறைக்கும் குளிரிலும் ஒழுங்காக வந்தது.

விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் மையப் பகுதியான கெர்னலையும் டிரைவர்களின் நிலையையும் வட்டில் சேமித்துவிட்டு உறங்கும், முழுதாக அணையாது. சில கார்டுகள் அந்த அரைகுறை நிலையிலிருந்து லினக்ஸுக்குப் பதில் தருவதில்லை. ரீஸ்டார்ட்டில் இந்தச் சேமிப்பு நடக்காது. அதனால், "அண்ணி, இன்னைக்கு ரீஸ்டார்ட் குடுங்க" என்றேன். "ஏன் தம்பி, கணக்கு ஒண்ணும் அழியாதுல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். உபுண்டுவுக்குள் போனதும் வைஃபை வந்துவிட்டது.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கான டிக்கை எடுத்தேன். விண்டோஸ் பகுதியை லினக்ஸில் திறந்தால் கோப்புகளைப் படிக்க மட்டுமே முடிந்ததும் இதனால்தான், அதுவும் சரியானது. டிக்கை எடுக்க விரும்பாதவர்கள், ஷிஃப்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தால் அந்த ஒரு முறை முழுதாக அணையும்.