தலையாட்டியது நான்

ஒன்றரை வருடமாகிறது, இன்னும் அந்த அம்மாவின் முகம் வந்து போகிறது. அம்பாறைக் கரையில், கறுப்புக் கடல்மண்ணை அகழ்ந்து பிரித்தெடுக்கும் இல்மனைட் என்ற கனியத்தின் பேரை எடுத்தாலே சனம் எப்படிக் கொதிக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அப்படியொரு கூட்டத்தில் கொழும்பிலிருந்து வந்த நிபுணருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். கடலரிப்பு, கரைவலை வாடி, நட்டஈடு என்று இரண்டு மணித்தியாலம் போன பிறகு அந்த அம்மா எழும்பிக் கேட்டார்: “இந்த மண்ணுக்குள்ள யுரேனியம் இருக்காமே, மெய்யா?”

நிபுணர் எதையும் மறைக்கவில்லை. கறுப்பு மண்ணோடு மொனசைட் என்ற கனியமும் கொஞ்சம் கலந்திருக்கும், அதில் தோரியமும் அதைவிடக் குறைவாக யுரேனியமும் உண்டு, அது இயற்கையாகவே உள்ளது, ஆனால் மண்ணைப் பிரித்து ஓரிடத்தில் குவித்தால் அந்த இடத்தில் கதிர்வீச்சு கூடும் என்றார்.

நான் சொன்னது: “கொஞ்சம் இருக்கு அம்மா, ஆனா அது இயற்கையா உள்ளதுதான்.” மிச்சத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பெடியன் “ஜாதுகுடாவில என்ன நடந்ததெண்டு கேளுங்க” என்று கத்தினான், சத்தம் கிளம்பிவிட்டது. அம்மா நிபுணரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “அப்ப பயமில்லைதானே மனே?”

தலையாட்டினேன்.

அதை மொழிபெயர்ப்பு என்று எப்படிச் சொல்வது? யாருமே சொல்லாத பதில் அது. அன்றைக்குச் சனம் இருந்த நிலையில் கதிர்வீச்சு என்ற சொல்லை நான் போட்டிருந்தால் கூட்டமே குலைந்திருக்கும், கடலரிப்பு பற்றிய நியாயமான கேள்விகளும் அதோடு போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதில் உண்மை இருக்கிறது. அடுத்த வேலைக்கும் என்னையே கூப்பிட வேண்டும் என்ற எண்ணம் அந்த நேரம் மனதில் இல்லை என்று மட்டும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அப்புறம் ‘இயற்கை’ என்ற சொல். நம் வாயில் அது இயற்கை உரம், இயற்கை வைத்தியம் என்று நல்லதோடு மட்டுமே ஒட்டிப் போயிருக்கிறது. நிபுணர் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. நான் அந்தச் சொல்லைப் போட்டதும் அது ஆறுதலாகிவிட்டது.

அன்றிரவு அந்தப் பெடியன் சொன்ன ஜாதுகுடாவைத் தேடி வாசித்தேன். இந்தியாவின் ஜார்கண்டில் 1967 முதல் யுரேனியம் எடுத்த இடம். தாதுவிலிருந்து யுரேனியத்தை எடுத்த பிறகும் அதிலிருந்த கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 வீதம் கழிவுச் சேற்றிலேயே தங்கிவிடுகிறதாம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1982இல் யுரேனிய அகழ்வுக்குத் தடை போட்டார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் அந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பானது. அங்கேயும் பெரிய சண்டை, எடுத்த பிறகு மிஞ்சுவதை எங்கே வைப்பது, மழை வெள்ளம் வந்தால் என்னாகும் என்பதில்தான். நான் விட்டதும் குவியலைப் பற்றிய அந்தப் பாதியைத்தான்.

கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மொனசைட் மண்ணின் மேலேயே தலைமுறைகளாகச் சனம் வாழ்கிறது. பல வருடம் ஆராய்ந்தும் அதனால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. இதை வாசித்த அன்று நன்றாக நித்திரை வந்தது, என் தலையாட்டலும் அவ்வளவு பிழையில்லையோ என்று. ஆனால் அது கிடந்தபடி கிடக்கும் மண். பிரித்துக் குவித்த மண் வேறு.

நிபுணர் அன்று சொன்ன அந்த வாக்கியத்தை இப்போது முழுசாகத் தமிழில் எழுதி போனில் வைத்திருக்கிறேன். கடைசிச் சொல்லில்தான் இன்னும் இழுபறி. ‘கதிர்வீச்சு கூடும்’ என்றால் கட்டாயம் கூடுமா, கூடலாமா? கேட்பவர் எப்படி எடுப்பார்? மாற்றி மாற்றி எழுதுகிறேன், அந்த ஊருக்கு இன்னும் போகவில்லை.

கூட்ட அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: “யுரேனியம் தொடர்பான ஐயத்துக்கு விளக்கமளிக்கப்பட்டது.” அதைத் தமிழாக்கிக் கொடுத்ததும் நான்தான்.