கேரவனும் முன்பாரமும்: பெண்டிகோவுக்கு இரண்டு முறை போன கதை

ஆஸ்திரேலியாவில், பெண்டிகோ என்ற ஊரிலிருந்து மெல்பர்ன் மேற்குப் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். போகும்போது காரில் ஒரே பாட்டும் கும்மாளமும். திரும்பும்போது யாரும் வாய் திறக்கவில்லை. பின்கண்ணாடியில் கேரவன் (காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடு) தெரிய வேண்டிய இடத்தில் வெறும் சாலைதான் தெரிந்தது. அன்றைய எரிச்சல் இன்னும் முழுதாக ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கதை அதற்கும் ஆறு மாதம் முன்னால் ஆரம்பிக்கிறது. பள்ளி விடுமுறை வந்தால் கேபின் வாடகை கண்ணைக் கட்டுகிறது, பேசாமல் ஒரு பழைய கேரவன் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். அப்போது எங்களிடம் இருந்தது டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட். நண்பன் ஒருவன் அதே காரில் ஒரு சின்ன கேம்பர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறான். அதே நிறம்கூட. அவனுடையது இழுத்தால் என்னுடையதும் இழுக்கும் என்று நினைத்து, டோ பார் (டிரெய்லரைக் கட்டி இழுக்க காரின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டம்) மாட்டும் கடைக்கு முன்பணமும் கட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து கடையிலிருந்து போன்: "உங்கள் வண்டி ஆல் வீலா, டூ வீலா?"

டூ வீல், அதாவது இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் வகை. அந்த ஹைப்ரிடில் ஆல் வீல் டிரைவ் என்றால் பிரேக் உள்ள டிரெய்லர் 1,500 கிலோ வரை இழுக்கலாம். டூ வீல் டிரைவ் என்றால் 480 கிலோ. எழுத்துப் பிழை இல்லை, நானூற்று எண்பதுதான். தோட்டத்துக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் டிரெய்லருக்குச் சரி, கேரவனை நினைத்தும் பார்க்க முடியாது. முன்பணத்தைத் திருப்பித் தந்தார்கள், நல்லவர்கள்.

அப்புறம் காரை மாற்றினோம். ஏற்கெனவே மாற்றும் யோசனை இருந்ததால் கேரவனுக்காகவே மாற்றினேன் என்று சொல்ல முடியாது, மனைவி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏழு பேர் உட்காரும் பழைய எஸ்யூவி ஒன்று. விற்பனையாளர் காரைச் சுற்றி வந்து பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "டோ பாரே மாட்டியிருக்கிறது, இரண்டு டன் இழுக்கும், கவலையே வேண்டாம்." ஒரு தடவை சூடுபட்ட பூனையாயிற்றே, கையேட்டை வாங்கிப் பக்கம் புரட்டிப் பார்த்தேன். பிரேக் உள்ள டிரெய்லர் 2,000 கிலோ, பந்தின் (கேரவனின் கொக்கி உட்காரும் இரும்புக் குமிழ்) மேல் அழுத்தும் எடை 200 கிலோ. அவர் சொன்னது சரி. எல்லாம் சரிபார்த்துவிட்டேன் என்ற மிதப்பில் கையெழுத்துப் போட்டேன்.

பெண்டிகோவில் கேரவனை விற்றவர் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். ஒற்றை அச்சு வண்டி, சுத்தமாக வைத்திருந்தார். விலை பேசி முடித்து, பணத்தை அனுப்ப போனை எடுத்தேன். "பொறு" என்று சொல்லிவிட்டு என் காரின் பின்னால் போய் மண்டியிட்டார். டார்ச் அடித்து டோ பாரில் இருந்த சின்னத் தகட்டைப் படித்தார். அதில் 1,500 என்றும் 150 என்றும் இருந்தது.

கார் 2,000 கிலோ இழுக்கலாம், ஆனால் அதில் மாட்டியிருந்த பார் 1,500 கிலோவுக்கு மேல் தாங்காது. முதல் சொந்தக்காரர் படகுக்கோ எதற்கோ லேசான பார் போதும் என்று வாங்கியிருக்கிறார். கார், பார், அதில் செருகும் நாக்கு, பந்து, கேரவனின் கொக்கி என்று ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும். அவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. கார் கையேட்டை மட்டும் படித்த நான் மற்ற நாலையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரின் அடியில் குனிய இரண்டு நிமிடம் போதும், தயவுசெய்து குனியுங்கள்.

அதோடு விடவில்லை அவர். கேரவனின் பிளக்கை என் காரில் செருகச் சொன்னார். இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, பின்விளக்கு எல்லாம் அழகாக எரிந்தன. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்து, "பிரேக் கன்ட்ரோலர் எங்கே?" என்றார். நான் திருதிரு என்று விழித்தேன்.

இங்கே டிரெய்லரின் சக்கரங்களில் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கே தனி பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும், கொக்கி கழன்றால் தானாக நிறுத்தும் அமைப்பும் வேண்டும். எங்கள் கேரவன் இரண்டுக்கும் நடுவில், மின்சார பிரேக். அதை இயக்க காருக்குள் கன்ட்ரோலர் வேண்டும், அதிலிருந்து ஒரு நீலக் கம்பி பிளக்கின் ஐந்தாவது முனைக்கு வர வேண்டும். என் காரில் ஐந்தாவது முனை வெறுமனே கிடந்தது. விளக்கு மட்டும் எரியும், பிரேக் பிடிக்காது. விளக்கு எரிகிறதே என்று நம்பி ஒன்றரை டன்னைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன், நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "மெதுவாக ஓரமாகவே போய்விடுகிறேன்" என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை. பணமும் வாங்கவில்லை. "எல்லாம் சரிசெய்துவிட்டு வா, இது இங்கேயேதான் நிற்கும்" என்று தேநீர் கொடுத்து அனுப்பினார். வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை கார் விற்ற இடத்துக்குப் போன் செய்தேன். "கார் இரண்டு டன் இழுக்கும் என்றுதான் சொன்னோம், பார் பற்றி எதுவும் சொல்லவில்லையே" என்றார் அதே விற்பனையாளர். நல்ல வேளை, அவர்கள் போட்டிருந்த விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்திருந்தேன். அதில் "டோ பாருடன், 2 டன் இழுவை" என்று ஒரே வரியில் இருந்தது. அதை மின்னஞ்சலில் அனுப்பி இரண்டு வாரம் விடாமல் துரத்தினேன். கடைசியில் 600 டாலர் கொடுத்தார்கள். மொத்தச் செலவு 1,780, பாதிகூட இல்லை. ஆனாலும் அந்த 600 வந்த அன்று வீட்டில் பாயசம். பழைய கார் வாங்குகிறவர்கள் விளம்பரத்தைக் கட்டாயம் சேமித்து வையுங்கள், கார் விற்ற மறுநாளே அது காணாமல் போய்விடும்.

புதிய பாரும் வயரிங்கும் கன்ட்ரோலரும் ஒரே நாளில் முடிந்தன, அதில் சொல்ல ஒன்றுமில்லை. கோட்டை விட்டது பந்தில். பக்கத்து வீட்டுக்காரர் "புதிதாக எதற்கு வாங்குகிறாய், என்னிடம் சும்மா கிடக்கிறது" என்று ஒரு டோ பந்து கொடுத்தார். பளபளவென்றிருந்தது. மாட்டும்போது தலையில் பொறித்திருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன்: 1⅞ அங்குலம். அதாவது 47.6 மில்லிமீட்டர். இங்கே கேரவன் கொக்கிகள் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் பந்துக்கானவை. இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சின்னப் பந்தின் மேலும் கொக்கி உட்காரும், பூட்டும். ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டால் கழன்று வரும். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, 50 மில்லிமீட்டரும் 3,500 கிலோவும் பொறித்த பந்தை வாங்கினேன். பாதுகாப்புச் சங்கிலியை மாட்டும் ஷாக்கிளிலும் அப்படித்தான், தாங்கும் எடை பொறிக்காததை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொரு தண்டச் செலவும் உண்டு. முகாம்களில் பெரிய கேரவன்காரர்கள் இரண்டு பக்கமும் எஃகுத் தண்டு வைத்த ஹிட்ச் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரின் பின்பக்கம் தொங்காமல் எடையை முன்சக்கரத்துக்கும் கொஞ்சம் தள்ளிவிடுகிற சாதனம். பழையதாக 250 டாலருக்கு வாங்கி வந்த பிறகு கையேட்டைப் பார்த்தால், இந்தக் காரில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. 180-க்கு விற்றேன். வேறு கார்களில் அனுமதி உண்டு, கையேடு சொல்வதுதான் முடிவு. அனுமதி இருந்தாலும் பந்தின் மேல் வைக்கக்கூடிய எடையை அது கூட்டித் தராது.

இரண்டாவது முறை பெண்டிகோ போனோம், பெரியவர் மறுபடி மண்டியிட்டுப் பார்த்தார், தலையாட்டினார், கேரவன் வீடு வந்து சேர்ந்தது. மூத்தவன் தானும் ஓட்டுகிறேன் என்றான். புதிதாக உரிமம் வாங்கியவர்கள் காரில் மாட்டும் சிவப்பு பி பலகை இருக்கும்வரை எங்கள் விக்டோரியா மாநிலத்தில் டிரெய்லர் இழுக்கக் கூடாது என்று சொல்லி உட்கார வைத்தேன்.

முதல் பயணத்துக்கு முந்தைய நாள் சாமான்களை ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போனோம். மனைவிக்கு அது வீண் வேலையாகத் தோன்றியது. கேரவன் தகட்டில் ஏடிஎம் 1,900 என்று இருக்கிறதே, அப்புறம் என்ன? (நம்மூர் ஏடிஎம் இல்லை. சாமானோடு, காரிலிருந்து கழற்றி நிறுத்தினால் கேரவன் இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடைக்கு இங்கே அந்தப் பெயர்.) காலி எடை 1,480 என்றும் அதே தகடு சொன்னது. அது தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைய எடை. பிறகு பெரியவர் ஏற்றிய சோலார் பலகையும் இரண்டாவது பேட்டரியும் தகட்டுக்குத் தெரியாது. தண்ணீர்த் தொட்டி லிட்டருக்கு ஒரு கிலோ என்று தனியாக ஏறும்.

காரோடு பூட்டியபடி கேரவன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினோம்: 1,634. கழற்றிவிட்டு கேரவனை முழுதாக நிறுத்தினோம்: 1,860. அப்பாடா, 1,900-க்குள் வந்துவிட்டது என்று மூச்சு விட்டேன். மேடைக்காரர் இரண்டு சீட்டையும் வாங்கிக் கழித்துப் பார்த்தார். 226. அதுதான் காரின் பந்தின் மேல் உட்கார்ந்திருந்த எடை. அனுமதி 200.

வெறும் 26 கிலோதானே என்று தோன்றும். பந்து பின்னச்சுக்கு வெளியே தள்ளி இருப்பதால் அது கடப்பாரை போல வேலை செய்கிறது. எங்கள் காரில் பந்தின் மேல் ஏறிய 226 கிலோ, பின்னச்சில் ஏறக்குறைய 320 கிலோவாக இறங்கி, முன்னச்சிலிருந்து 95 கிலோவைத் தூக்கிவிட்டது. பின்னச்சு எடை 1,485, எல்லை 1,450. ஸ்டியரிங் ஏன் வரும் வழியெல்லாம் பஞ்சு மாதிரி இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. இந்த நிலையில் விபத்து நடந்தால் காப்பீடும் கையை விரிக்கலாம்.

மூத்தவன் உடனே வழி சொன்னான்: முன்னால் இருப்பதை எல்லாம் கேரவனின் கடைசிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். கணக்குப்படி எண் மளமளவென்று இறங்கும். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அப்பா போன். திருவாரூர் பக்கம் நாற்பது வருடம் மாட்டுவண்டி ஓட்டிய மனுஷர். விஷயத்தைச் சொன்னேன்.

"முன்பாரமா பின்பாரமா தம்பி?"

"முன்பாரம்பா."

"முன்பாரம் மாட்டோட கழுத்தை அமுக்கும், அவ்வளவுதான். பின்பாரம் ஏத்திட்டேன்னா நுகத்தடி மேல தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டோட குரவளையை நெரிச்சிடும். பாரத்தை அச்சு மேல வை."

கார் உலகத்தில் இதற்குப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு பந்தின் மேல் இருப்பது நல்லது. அதை விட ரொம்பக் குறைந்து பின்பாரமானால், வேகம் கூடும்போது கேரவன் வாலாட்ட ஆரம்பித்து காரையே கவிழ்த்துவிடும். அப்பா இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

முன்பெட்டியைத் திறந்தோம். மடக்கு நாற்காலிகள், கருவிப்பெட்டி, பொன்னி அரிசி 10 கிலோ, எல்லாவற்றுக்கும் அடியில் துணி சுற்றி, டேபிள் டாப் கிரைண்டர். மனைவியைப் பார்த்தேன். "பத்து நாள் பிரட்டையே தின்பீங்களா?" என்றாள். கிரைண்டர் மட்டும் 12 கிலோ. பெட்டியில் இருந்த 55 கிலோவையும் எடுத்து, சக்கரத்துக்கு நேர் மேலே தரையில் வைத்து நகராமல் கட்டினோம். மறுபடி 45 டாலர் கொடுத்து மேடையேறினோம். மொத்தம் அதே 1,860. பந்தின் மேல் 193, பின்னச்சில் 1,438.

மேடைக்காரர் சீட்டை நீட்டிக்கொண்டே, தரையில் கட்டிக்கிடந்த கிரைண்டரைக் காட்டி அது என்ன இயந்திரம் என்று கேட்டார். இட்லியிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். பின்னால் ஒரு மணல் லாரி ஹார்ன் அடித்தது.