எட்டை அடித்துவிட்டு ஐந்து

அந்த விடைத்தாளில் இருந்தது, பெயருக்குப் பதிலாகப் போடும் டம்மி எண் மட்டும்தான். எழுதியவர் ஆணா பெண்ணா, எந்த ஊர்க் கல்லூரி, எதுவும் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. எட்டு போட்டிருந்தேன். அதை அடித்துவிட்டு ஐந்து போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன்.

கேள்வி வழக்கமானதுதான்: நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' (எல்லாம் சிதைகிறது) நாவலில் இக்போ சமூகமும் காலனி ஆட்சியில் அது கண்ட மாற்றமும். பத்து மதிப்பெண். கட்டுக் கட்டாகத் திருத்தினாலும் ஒரே விடைதான் வரும். நாயகன் ஒகோங்க்வோவின் மல்யுத்தம், யாம் கிழங்கு, அமைதி வாரம், ஏழு வருஷ வனவாசம், திரும்பி வந்தால் சர்ச்சும் கோர்ட்டும், கடைசியில் தூக்கு. 'ஒற்றுமையாக இருந்த சமூகத்தை வெள்ளைக்காரன் உடைத்தான்' என்று முடியும். வருஷா வருஷம் அந்த வரியை நோட்ஸில் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இந்தத் தாளின் முதல் வரி ஒரு கேள்வி: யாருக்குச் சிதைந்தது? அப்புறம் இரண்டு பக்கம் முழுக்க ஒசுக்கள். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள், தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர்கள், சுதந்திரமானவர்களோடு மணஉறவு கூடாது, தலையில் சவரக்கத்தி படக் கூடாது, செத்தால் தீயவனத்தில்தான் புதைப்பார்கள். சர்ச்சுக்கு வந்த அவர்களிடம் போதகர் கியாகா முடியை மழித்துவிட்டு வரச் சொல்கிறார். அதே பக்கத்தில் ந்னேகா. நான்கு பிரசவத்திலும் இரட்டைக் குழந்தைகள், அத்தனையையும் தூக்கி எறிந்த ஊர். ஐந்தாவதைச் சுமந்துகொண்டு சர்ச்சுக்குப் போகிறாள். ஒகோங்க்வோ ஒரே ஒரு இடத்தில் வந்தான், அதுவும் மகன் பெயரைச் சொல்லி, 'ந்வோயேவின் அப்பா' என்று. ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது, ஆனால் நோட்ஸ் வாசனை ஒரு துளி கூட இல்லை.

திருத்துவோரை மேற்பார்வையிடும் சீஃப் மேடம் மறுபார்வைக்கு எடுத்த தாள்களில் இதுவும் மாட்டியது.

"சார், ஒகோங்க்வோவே இல்லாம எட்டா?"

"நல்லா யோசிச்சு எழுதியிருக்கு மேடம்."

"ஆன்சர் கீயில இருக்கற எதுவுமே வரலையே. நீங்களே பாத்துக்குங்க."

அவ்வளவுதான். மதிப்பெண்ணைக் குறை என்று சொன்னது ஏதாவது இருந்தால், அது அவருடைய பார்வை மட்டும்தான். வாயால் அவர் குறைக்கச் சொல்லவே இல்லை. இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அந்த 'நீங்களே' என்னிடமே வந்து நிற்கிறது.

ஐந்துக்கும் நியாயம் இருந்தது. ஒசுக்கள் சர்ச்சில் சேர்வது ஒகோங்க்வோ வனவாசம் இருந்த ம்பான்டாவில்; தாளில் அவன் சொந்த ஊரான உமுவோஃபியா என்று இருந்தது. அபாமே என்ற ஊரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஒரு வெள்ளைக்காரனைக் கொன்றதற்காக, சந்தை நாளில் ஊரைச் சுற்றி வளைத்துச் சுட்டுத் தள்ளினார்கள். அதை விட்டுவிட்டுக் காலனி ஆட்சியைப் பற்றி எழுதினால் பாதி உண்மைதானே? லஞ்சம் வாங்கும் கோர்ட் சேவகர்கள் எங்கே? தவிர, ஐந்திலும் பாஸ்தான்.

சரி, என் நோட்ஸும் பாதி உண்மைதானே. அதை அப்படியே எழுதியவர்களுக்கு அன்று காலை ஏழும் எட்டும் போட்டிருந்தேன். ஒகோங்க்வோ வீட்டில் வளர்ந்த சிறுவன் இகெமெஃபூனா 'அப்பா' என்று கத்திக்கொண்டு தன்னை நோக்கி ஓடிவரும்போது, கோழை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வெட்டுகிறான் ஒகோங்க்வோ. அப்போது வெள்ளைக்காரன் அந்த ஊருக்குள் வரவே இல்லை. ந்வோயேவுக்குள் ஏதோ அறுந்தது அன்றைக்குத்தான். ஒற்றுமையான சமூகம் என்று அச்செபே எங்கே எழுதினார்? நான்தான் எழுத வைத்தேன். ஒசுக்கள் வரும் அத்தியாயத்தில் வகுப்பு கடைசி பெஞ்சு வரை அமைதியாகிவிடும். ஏன் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வேகமாக அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவேன்.

ஒசு முறையை ஒழித்துக் கிழக்கு நைஜீரியாவில் சட்டம் போட்டது 1956-இல். நாவல் வந்தது 1958-இல். 1960-இல் வந்த 'நோ லாங்கர் அட் ஈஸ்' நாவலில், ஒகோங்க்வோவின் பேரன் ஓபி ஒரு ஒசுப் பெண்ணை மணக்க விரும்புகிறான். கூடாது என்கிறார் அப்பா. அந்த அப்பா வேறு யாருமில்லை, மதம் மாறி ஐசக் ஆகிவிட்ட அதே ந்வோயே. வாழ்நாளெல்லாம் சர்ச்சுக்கு உழைத்தவர், ஒசுவைத் தொழுநோயோடு ஒப்பிட்டு மகனிடம் மன்றாடுகிறார். இதைக் கொண்டு அந்தத் தாளை மறுக்கலாம்: பார், சர்ச்சும் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆனால் அது அந்தத் தாள் கேட்ட கேள்வியை இன்னும் பெரிதாக்குகிறது என்றும் தோன்றுகிறது. விடைத்தாள் ஓரத்தில் இதையெல்லாம் எழுத முடியாது. எண் மட்டும்தான் போடலாம். போட்டேன்.

இந்த வருஷம் அந்தப் பழைய வரியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒசுக்களைப் பற்றி ஒரு வகுப்பு முழுக்கப் பேசினேன். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, "சார், அப்போ பரீட்சையில என்ன எழுதணும்?" என்றாள்.

"ஒகோங்க்வோவை விட்டுடாதீங்க" என்றேன்.