மாடுகளுக்கு மட்டும் தெரிந்த ஜெர்மன்

கல்யாணமாகி இந்தப் பண்ணைக்கு வந்த முதல் வாரம். ஜூன் மாதம். விடிகாலை நாலரை மணிக்கு ஜன்னலுக்கு வெளியே யாரோ நீட்டி முழக்கிக் கூப்பிடும் சத்தம். "கொ...ம்! கொம், கொம், கொம் ஹேர்!" தூக்கக் கலக்கத்தில் கணவரை உலுக்கி என்ன என்று கேட்டேன்.

"அப்பா மாடுகளைக் கறவைக்குக் கூப்பிடுகிறார். ஜெர்மன். இங்கே வா என்று அர்த்தம்."

"மாமாவுக்கு ஜெர்மன் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாது. மாடுகளுக்குத் தெரியும்." சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கிண்டல் என்றுதான் நினைத்தேன்.

இந்த 'மாமா'வையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் மாமனாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை, மாமா என்றே ஆரம்பித்தேன். முதல் நாள் சமையலறையில் நின்று "மாமா" என்றால் மாமியார் திரும்பி என்னம்மா என்கிறார். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் அது அம்மாவைக் கூப்பிடும் சொல்லாயிற்றே. இரண்டு பேரையும் பழக்க ஒரு மாதம் பிடித்தது.

ஊர், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் டாட்ஜ் கவுண்டி. அறுபது ஹோல்ஸ்டீன் கறவைகள். பழைய இரண்டடுக்குக் கொட்டில்: கீழே மாடுகள், மேலே காய்ந்த புல் கட்டுகள். கணவரின் முன்னோர்கள் 1860களின் கடைசியில் பொமரேனியாவிலிருந்து கப்பலேறியவர்கள். பால்டிக் கடலோரப் பகுதி அது. இன்றைக்குப் பெரும்பாலும் போலந்தில் இருக்கிறது. அதாவது, இவர்கள் 'ஜெர்மனியில் எங்கள் ஊர்' என்று போய்ப் பார்க்க நினைத்தாலும் போலந்துக்குத்தான் போக வேண்டும். இவர்களுக்கும் முன்னால், 1839இலேயே, அந்தப் பகுதியை ஆண்ட பிரஷ்ய அரசர் லூத்தரன் சபையையும் சீர்திருத்த சபையையும் ஒன்றாக்கியதை ஏற்காத பொமரேனியர்கள் இதே மாநிலத்தில் மில்வாக்கி நகருக்கு வடக்கே ஃப்ரைஷ்டாட் என்ற ஊரை அமைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர்கள் வந்தது சாமிக்காக இல்லை, நிலத்துக்காக. அங்கே பெரிய பண்ணையார்களின் நிலத்தில் கூலி வேலை. இங்கே சொந்தமாக ஏக்கர் கணக்கில் கிடைக்கிறது என்று கடிதம் வந்தால் யார்தான் கிளம்ப மாட்டார்கள்.

ஆனால் பால் பண்ணைக்காரர்களாக வரவில்லை. அன்றைய விஸ்கான்சின் கோதுமை நாடு. வருடத்துக்கு வருடம் அதையே விதைத்து மண் சத்திழந்தது, பூச்சி வேறு விழுந்தது, கோதுமை மேற்கே மினசோட்டா, டகோட்டா பக்கம் நகர்ந்துவிட்டது. மாடு வையுங்கள், சாணம் நிலத்துக்குப் போகட்டும், பால் சீஸாகட்டும் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் டெம்ப்ஸ்டர் ஹோர்ட். நியூயார்க்கிலிருந்து வந்தவர். 1872இல் வாட்டர்டவுனில் பால் பண்ணையாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1885இல் 'ஹோர்ட்ஸ் டெய்ரிமேன்' பத்திரிகையையும் ஆரம்பித்தார். எங்கள் வீட்டு ஆண்களுக்கு இதில் ஒரு கௌரவப் பிரச்சினை இருந்ததாம். பால் கறப்பது பெண்கள் வேலை, ஏர் பிடித்தவன் முக்காலி போட்டு உட்காருவதா? மாமியார் இதைச் சொல்லும்போது மாமாவைப் பார்த்தபடியே சொல்வார்.

பிறகு அதே ஹோர்ட் ஆளுநரானார். 1889இல் பள்ளிப் பாடங்களை ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும் என்று பென்னட் சட்டம் வந்தது. அவர் அதை விடாப்பிடியாக ஆதரித்தார். ஒருவர் கோயிலுக்குள் ஒருவர் கால் வைக்காத ஜெர்மன் லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் சேர்ந்து நின்று 1890 தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள். மறு வருடமே சட்டம் ரத்து. 'மாடு வளர்க்க அவர் பேச்சைக் கேட்டோம், பிள்ளை வளர்க்கக் கேட்கவில்லை' என்பது எங்கள் வீட்டில் சொல்லும் வசனம். பத்திரிகை மட்டும் இன்னும் வருகிறது.

சட்டத்தால் முடியாததை யுத்தம் செய்தது. வீட்டில் ஒரு பெரிய குடும்பப் பைபிள் இருக்கிறது. முன்பக்கத் தாள்களில் பிறப்பும் இறப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய ஜெர்மன் கையெழுத்து, கூர்கூராக, புல்லை நட்டு வைத்த மாதிரி. ஒரு எழுத்தும் எனக்குப் புரியாது, இவர்கள் யாருக்கும் புரியாது. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917 வரை அப்படியே ஓடுகிறது. அதற்கடுத்த பிறப்பு ஆங்கிலத்தில். கை அதே கைதான், மையும் அதே கறுப்பு. எழுத்து மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கிறது. அந்த வரியை எழுதியவர் மாமாவின் கொள்ளுப்பாட்டி. ஊர் முழுக்க ஜெர்மன் பேசுகிறவனைச் சந்தேகமாகப் பார்த்த காலம். முட்டைக்கோஸ் ஊறுகாயான சவர்க்ரவுட்டைக்கூட 'சுதந்திர முட்டைக்கோஸ்' என்று பெயர் மாற்றிச் சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் வீட்டில் குழந்தைகளிடம் ஜெர்மன் பேசுவது நின்றுபோனது. கொட்டிலுக்குள் யாரும் வந்து ஒட்டுக் கேட்கப் போவதில்லை என்பதால் அங்கே மட்டும் தொடர்ந்தது போலிருக்கிறது. இது என் ஊகம்.

சரி, என் சொந்த வீரப்பிரதாபத்துக்கு வருகிறேன். வந்த மூன்றாம் மாதம் கறவையில் உதவி செய்யத் தொடங்கினேன். காம்பை அயோடின் மருந்தில் தோய்த்து, முதல் நாலைந்து பீச்சலைக் கையால் கறந்து கட்டி இருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, பிறகு கறவைக் குழாய்களை மாட்ட வேண்டும். நான்கு கிண்ணங்களும் 'ஸ்லுப்' என்று ஒட்டிக்கொள்ளும்போது ஒரு தனி சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் ஒரு நாள், பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்டியிருந்த மாட்டுக்கும் மாட்டிவிட்டேன். சிவப்புப் பட்டை என்றால் மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாடு. அதன் பாலைத் தனி வாளியில் பிடித்துக் கொட்ட வேண்டும். தொட்டியில் கலந்தால் மொத்தமும் போச்சு. தெரியாமல் லாரியில் ஏற்றிவிட்டால் மற்ற பண்ணைகளின் பாலும் சேர்ந்து கெடும். மாமியார் பார்த்துவிட்டார். அதற்குள் இரண்டு நாள் பால், ஏறக்குறைய எட்டாயிரம் பவுண்டு, வீண்.

மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. தொட்டியின் அடியில் இருந்த வால்வை அவரே திறந்தார். வெள்ளையாக ஓடி வடிகாலில் இறங்குவதை நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம். நான் அழுதுகொண்டிருந்தேன். "இந்தக் குடும்பத்துக்குப் பாலைக் கொட்டுவது புதிதில்லை" என்றார். 1933இல், பாலுக்குக் கொடுத்த விலை தீவனத்துக்குக்கூடக் கட்டாமல், விஸ்கான்சின் பால்காரர்கள் ஒரே வருடத்தில் மூன்று முறை வேலைநிறுத்தம் செய்தார்கள். பால் லாரிகளை மறித்து கேன்களைச் சாலையில் கவிழ்த்தார்கள். அரசு தேசியக் காவல் படையை இறக்கியது, கண்ணீர்ப்புகை வீசியது. மாமாவின் தாத்தா அந்தக் கூட்டத்தில் இருந்தவர். "அவர் கொட்டியதற்குக் காரணம் இருந்தது, உனக்கு அதுவும் இல்லை" என்று சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்துதான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அந்தக் குளிர்காலம் ஒரு பசு கன்று போட்டது. மாமியார் ஒரு பெரிய ஜாடி நிறையச் சீம்பால் கொடுத்தார். கன்று குடித்தது போக மிச்சம். மில்வாக்கி இந்தியக் கடையில் வாங்கிய வெல்லம், ஏலக்காய் போட்டு ஆவியில் வேக வைத்தேன். மஞ்சளாக, பஞ்சு மாதிரி கட்டியது. மாமா ஒரு கரண்டி வாயில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "பீஸ்ட்மில்ஷ்" என்றார். மாமியார், என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். பாட்டி இதை அடுப்பில் வைத்துப் பட்டையும் சர்க்கரையும் தூவித் தருவாளாம். சீம்பாலுக்கான அந்த ஜெர்மன் சொல் தனக்குத் தெரியும் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. எழுபது வயதுக்காரர், சாயங்காலம் வரை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2014இல் நூறு பவுண்டு பால் 24 டாலரைத் தொட்டது. 2018இல் 16 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. அறுபது மாட்டை வைத்துக்கொண்டு அதில் தாக்குப்பிடிக்க முடியாது. 2019இல் இந்த மாநிலத்தில் மட்டும் 800க்கும் மேற்பட்ட பால் பண்ணைகள் மூடின. அதில் ஒன்று எங்களுடையது. விற்ற நாளைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. மாமியார் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காபியும் கேக்கும் கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்து மாமா என்னைக் கூட்டிக்கொண்டு, எங்கள் மாடுகளில் இருபதை வாங்கிய பெரிய பண்ணைக்குப் போனார். ஆயிரத்துச் சொச்சம் மாடுகள், நீளமான தகரக் கூரைக் கொட்டகைகள். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். எங்கள் பசு கெர்டாவை மாமா தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார், நெற்றியில் சுழி இருக்கும். கம்பியருகே போய் "கொம், கொம் ஹேர்" என்றார். அவள் தீவனத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். அந்தப் பக்கம் நின்ற பையன் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நாக்கைச் சொடுக்கி "வாமோஸ்!" என்றான். கெர்டா நகர்ந்து கறவை வரிசையில் போய் நின்றாள்.

வண்டியில் ஏறும்போது மாமா கேட்டார், "வாமோஸ் என்றால் என்ன?"

போகலாம் என்று அர்த்தம் என்றேன்.

"ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள்," என்றார். சாவியைத் திருப்பிவிட்டு, "கெட்டிக்காரி."