அடியில் கிடந்த எண்ணெய்

பூச்சி, பூஞ்சையைத் தடுக்க மூலிகையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வரும் ஆவியைக் குளிரவைத்து எண்ணெய் வடிக்கலாம் என்று முதலில் துளசியில்தான் ஆரம்பித்தேன். அரை கிலோ பச்சை இலையை மூன்று மணி நேரம் வடித்தும், வடிநீரின் மேல் ஒரு படலம் மினுங்கியதே தவிர எடுத்து அளக்க ஒன்றும் தேறவில்லை. பச்சை இலையில் எண்ணெய் ஒரு சதவீதம்கூட இருக்காது என்று தெரிந்துதான் இறங்கினேன், ஆசை யாரை விட்டது!

அப்புறம் கிராம்புக்கு மாறினேன். நல்ல காய்ந்த மொட்டில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் இருக்கும், அதில் பெரும்பங்கு யூஜினால், கிராம்பு வாசனையைத் தரும் பொருள். 100 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரோடு குடுவையில் போட்டுக் கொதிக்கவிட்டேன். மாவாக அரைத்துவிடாதீர்கள், அது அடிப்பிடித்து நுரைத்து ஆவிக்குழாய் வரை ஏறிவரும். ஒருமுறை கண்டென்சர் (ஆவியைக் குளிரவைத்து நீராக்கும் குழாய்) முழுக்கப் பழுப்புத் தண்ணீர் ஓடி, அன்றைய வேலை முழுதும் கழுவுவதிலேயே போனது.

வடிநீர் பால் மாதிரி கலங்கலாக வந்தது. அரை மணி நேரம் போயும் மேலே எண்ணெயைக் காணோம். சரி, இதுவும் துளசிக் கதைதான் என்று கொட்டப் போய் கிளாஸைச் சாய்த்தபோதுதான், அடியில் வெளிர்மஞ்சள் முத்துகள் உருள்வதைப் பார்த்தேன். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, மற்ற பெரும்பாலான மூலிகை எண்ணெய்கள் போல மிதக்காது! அதன்பிறகு பிரிபுனலில் (அடியில் திறப்புள்ள புனல்) பிடித்து அடியிலிருந்து திறந்துவிட்டேன், கலங்கல் நீரில் எண்ணெய் கொஞ்சம் கரைந்திருக்கும் என்பதால் அதைத் திரும்பத் திரும்பக் குடுவையிலேயே ஊற்றினேன். நாலு மணி நேரத்தில் 9 மில்லி கிடைத்தது. விரலில் பட்ட இடம் முதலில் எரிந்து பிறகு மரத்துப்போனது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

வண்டு பிடித்த தானிய ஜாடியில் பஞ்சில் ஐந்து சொட்டு எண்ணெய் விட்டு இறுக மூடினேன். மூன்றாம் நாள் வண்டுகள் பெரும்பாலும் செத்துக் கிடந்தன. ஆனால் அவை முட்டையிடுவதே தானியமணிக்குள், அதனால் ஒரு மாதத்தில் புதுக்கூட்டம் கிளம்பிவிட்டது. இப்போது பஞ்சை அவ்வப்போது மாற்றுகிறேன். ரொட்டி டப்பாவிலும் இதையே செய்தேன், பூஞ்சை சில நாள் தாமதமானது உண்மைதான், ஆனால் ரொட்டியைக் கடித்தால் பல் மருத்துவரின் அறைக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கொழுப்புள்ள உணவென்றால் எண்ணெயின் பெரும்பகுதி கொழுப்பிலேயே கரைந்துபோகும், கிருமியைத் தடுக்க இன்னும் அதிகம் சேர்க்க வேண்டும், அப்புறம் யார் சாப்பிடுவது?

மோசமான தவறு செடியில் நடந்தது. சோப்புத் தண்ணீரில் இரண்டு சதவீதம் கலந்து அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி) மேல் தெளித்தேன், அசுவினியோடு இளம் இலைகளும் கருகின. கிராம்பு எண்ணெயைக் களைக்கொல்லியாகவும் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். இப்போது அரை சதவீதத்துக்கு மேல் போவதில்லை, அதையும் ஒரே ஒரு இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்த பிறகுதான்.