பூநாரை பார்க்க வருகிறீர்களா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்

மாரி தொடங்கினால் எங்கள் இயற்கை ஆர்வலர் குழுவுக்கு ஓய்வில்லை. சரசாலைக் குருவிக்காடு, தொண்டைமானாறு, சுண்டிக்குளம் என்று வட இலங்கையின் நீர்நிலைகளுக்கு விடியவே புறப்பட்டுவிடுவோம். ஆசியா முழுக்க ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அதையொட்டி நாங்களும் எண்ணுகிறோம், பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

சுண்டிக்குளம் 1938-இல் பறவைகள் சரணாலயமாகி, 2015-இல் தேசியப் பூங்காவானது. ஆனால் பூநாரைகளுக்குப் பூங்காவின் எல்லை தெரியுமா? ஆழமில்லாத உவர்நீர் எங்கே இருக்கிறதோ அங்கே இறங்கி, அலகைத் தலைகீழாக விட்டுச் சேற்றுநீரை வடித்துச் சிற்றுயிர்களைத் தின்னும். அந்த நேரத்தில் படத்துக்காகக் கிட்டப் போவதும் ட்ரோன் விடுவதும் எனக்குத் துளியும் பிடிக்காது, ஏனென்றால் கூட்டமாக எழும்பிப் பறக்கும் ஒவ்வொரு தடவையும் அவை மேயும் நேரத்தையும் உடற்சக்தியையும் வீணாக்குகின்றன.

அப்புறம் இந்தத் தங்கூசி வலை, அதாவது ஒற்றை இழை நைலான் மீன்வலை. அறுந்து கண்டல் வேர்களில் சிக்கிக் கிடக்கும் துண்டுகள் உக்குவதில்லை, பறவைகளின் கால்களில் சுற்றிக்கொள்ளும். எண்ணி முடித்ததும் அவற்றை வெட்டி எடுப்பதுதான் எங்கள் அடுத்த வேலை. மீன்பிடிக்கும் அண்ணாமாரும் கைகொடுக்கிறார்கள். வர விரும்பினால் தொப்பியும் தண்ணீரும் கொண்டு வாருங்கள், சரி, வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.