ஆறும் காலம்

ஊசி உள்ளே போய் வெளியே வர ஒரு நொடிகூட ஆகாது. உடலில் துளையிட்டு அணி பூட்டும் வேலையைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்கிறேன். வருகிற எல்லோருமே அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். "வலிக்குமா?" வலிக்கும் என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். மூச்சை நன்றாக இழுத்து மெல்ல விடச் சொல்வேன். மூச்சு வெளியேறும்போது தோள் இறங்கும், முகம் தளரும். அந்த நேரம் பார்த்து ஊசி போய்விடும். "அவ்வளவுதானா?" என்பது அடுத்த கேள்வி. அவ்வளவு இல்லை என்று விளங்கச் சொல்வதற்குத்தான் எனக்கு நேரம் பிடிக்கும்.

எனக்கே அது விளங்கியது ஒரு தவறுக்குப் பிறகு. ஆரம்பத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் எல்லாவற்றுக்கும் காது குத்தும் துப்பாக்கிதான். ஸ்பிரிங் விசையில் மழுங்கிய கம்மல் முனையை அடித்து நுழைக்கும் கருவி அது. மென்மையான கீழ்மடல் ஓரளவு தாங்கிவிடும். மேல்மடல் குருத்தெலும்பு அப்படியல்ல. அதற்குள் ரத்தக்குழாயே கிடையாது, மேலே போர்த்திய சவ்விலிருந்துதான் ஊட்டம் கசிந்து வரவேண்டும். அடிபட்டால் ஆறுவது மெதுவாக, கிருமி புகுந்தால் எதிர்ப்பதும் மெதுவாக. போதாக்குறைக்கு அந்தத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் உடம்பு, நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவின் சூட்டைத் தாங்காது. துடைத்துவிட்டு அடுத்தவருக்கு எடுப்போம்.

ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு மேல்மடலில் அடித்தேன். எட்டாம் நாள் வந்தாள். காது செக்கச்செவேலென்று வீங்கி முன்பக்கம் சாய்ந்திருந்தது. கம்மலின் பின்தகடு தோலுக்குள் புதைந்து கிடந்தது. உடனே மருத்துவரிடம் அனுப்பினேன். சீழை எடுத்தார்கள், காய்ச்சல் நின்றது. ஆனால் அழிந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. அவளுடைய காதின் மேல் வளைவு கசங்கிய காகிதம்போல் நின்றுவிட்டது. அந்த வடிவத்தை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

அந்த இடத்தை விட்டு வந்து ஒரு மூத்த அண்ணனிடம் சேர்ந்தேன். ஆறு மாதம் ஊசியைக் கையில் கொடுக்கவில்லை அவர். கருவிகளைக் கழுவுவது, பையில் இட்டு ஒட்டுவது, 121 டிகிரி நீராவியில் வேண்டிய நேரம் வைத்து எடுப்பது, இவைதான் வேலை. பையின் மேலிருக்கும் குறி நிறம் மாறிவிட்டதே என்று சொன்னால், "அது சூடு பட்டதுக்குத்தான் சாட்சி தம்பி. கிருமி செத்ததுக்கு வேற சோதனை இருக்கு" என்பார். ஊசிக்கு முன்னால் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது பொறுமையை.

மனிதர்கள் ஏன் வருகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். அழகுக்காக வருபவர்களை மட்டமாகப் பார்க்கும் பழக்கம் என்னிடம் இல்லை. தன் முகத்தைத் தானே ஒருமுறை எழுதிப் பார்க்க நினைப்பதில் என்ன குறை? வேண்டுதல் முடிந்து வருபவர்கள் உண்டு. குடியை விட்டு ஓராண்டு ஆனதும் வந்தவர் உண்டு. ஒருமுறை ஒருவர் மணிக்கட்டின் உட்புறம் சிலுவை பச்சை குத்திக்கொள்ள வந்தார். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வலது மணிக்கட்டில் அப்படிக் குத்திக்கொள்கிறார்கள். அதே வாரம் இன்னொருவர், உடலில் பச்சை குத்தக்கூடாது என்னும் பைபிள் வசனத்தை, லேவியராகமம் 19:28ஐக் காட்டி அம்மா தடுத்துவிட்டார் என்று முன்பதிவை ரத்து செய்தார். ஒரே வேதத்தை வைத்திருக்கும் இரண்டு வீடுகள். இரண்டு பேரிடமும் பக்தி இருந்தது.

பச்சை குத்துவது பக்கத்து மேசைத் தோழரின் வேலை. மை என்னவோ கறுப்புதான். தோலுக்கு அடியில் போனதும் நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. அதைப் பார்த்துத்தான் நம் மொழி 'பச்சை' என்று பெயர் வைத்திருக்க வேண்டும். மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. மை அதற்குக் கீழே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் தங்குகிறது. எப்படித் தங்குகிறது என்பதை எலிகளை வைத்து 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நோய் எதிர்ப்பு அணுக்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஓர் அணு செத்தால் மை வெளியே வரும், புதிதாக வந்த அணு அதை எடுத்துக்கொள்ளும். ஓவியம் அசையாமல் கிடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உள்ளே அதை ஒருவர் மாற்றி ஒருவர் ஏந்திக்கொண்டே இருக்கிறார்கள். இதைப் படித்த அன்று நானும் தோழரும் வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த ஏந்துதல்தான் என் மனதில் நின்றது. தாய்லாந்தில் 'சக் யந்த்' என்று ஒரு மரபு இருக்கிறது. பிக்குவோ குருவோ நீண்ட கம்பியால் முதுகில் யந்திரத்தைக் குத்தி மந்திரம் ஓதுவார். அத்தோடு முடிவதில்லை. கொல்லாதே, திருடாதே, பொய் சொல்லாதே என்று நெறிகளும் சொல்லி அனுப்புவார். மீறினால் யந்திரத்தின் சக்தி போய்விடும் என்பது நம்பிக்கை. குத்துவது ஒரு நாள், காப்பது ஆயுள் முழுக்க. பசிபிக் தீவுநாடான சமோவாவில் ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை குத்தும் 'பெயா' பல அமர்வுகளில் முடியும். பாதியில் எழுந்து போனால் குடும்பத்துக்கே தலைகுனிவு. அதனால் உறவினர்கள் கூடவே உட்கார்ந்து தெம்பு சொல்வார்கள்.

ஒருவர் பெயாவின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, தொடையில் கொஞ்சம் மட்டும் வேண்டும் என்று கேட்டார். தோழர் மறுத்துவிட்டார். எனக்கும் அதில் முழுச் சம்மதம். 'டாட்டூ' என்ற சொல்லே 1769இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் கப்பல் பசிபிக்கின் டஹீட்டித் தீவுக்குப் போன பிறகுதான் ஆங்கிலத்துக்கு வந்தது. சொல்லை எடுத்துக்கொண்டாயிற்று. ஒரு குடும்பமே வலியோடு சேர்ந்து சுமக்கும் கோலத்தையும் துண்டு வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, துளைக்கு வருகிறேன். கீழ்மடல் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம். குருத்தெலும்பு என்றால் ஆறு மாதம், ஓராண்டுகூட ஆகும். துளையின் இரு வாயிலிருந்தும் தோல் உள்நோக்கி வளர்ந்து, நடுவில் சந்தித்து, குழாய்போல் மூடவேண்டும். வெளியே ஆறிவிட்டதாகத் தெரியும், உள்ளே பச்சைப் புண்ணாக இருக்கும். அதனால்தான் படித்துப் படித்துச் சொல்கிறோம்: தினம் இரண்டு வேளை உப்புநீர், கையைக் கழுவாமல் தொடாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள், அந்தப் பக்கம் படுக்காதீர்கள். புண்ணுக்கும் ஆறுதல், மனதுக்கும் ஆறுதல். நம் மொழியில் இரண்டும் ஒரே சொல். இந்த வேலைக்கு வரும்வரை அதை நான் கவனித்ததே இல்லை.

ஓர் அக்கா வந்தார். ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை ஏழு வருடம் பார்த்துக்கொண்டவர். அம்மா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மடியில் வைத்திருந்த கைகளில் விரல் இடுக்குகள் சோப்பில் வெடித்திருந்தன. மேல்மடலில் புள்ளி வைத்துக் கண்ணாடியைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "இன்னும் ஒரு நூல் மேலே, தம்பி." துடைத்துவிட்டு மாற்றினேன். "இல்ல, ஒரு நூல் உள்ளே." மறுபடி மாற்றினேன். வீட்டில் மருந்து வேளையிலிருந்து தூங்கும் நேரம்வரை எல்லாம் இன்னொருவரை வைத்தே நடந்த ஏழு வருடத்துக்குப் பிறகு, தனக்கென்று ஓர் இடம் குறிக்கிறார். அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

வீக்கத்துக்கு இடம் விட்டு முதலில் நீளமான கம்பிதான் பூட்டுவோம். ஆறு வாரம் கழித்துக் குட்டையாக மாற்ற வந்தபோது, காது இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை என்றேன். "காலையில பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம். எனக்குன்னு நான் என்னைத் தொடுறது அந்த நேரத்துலதான்" என்றார். சொன்னபோது குரல் மாறவில்லை. என் கையில் இருந்த கம்பியைத்தான் இரண்டு முறை நழுவவிட்டேன்.

பதினோராம் மாதம் கடைசியாக வந்தார். உருண்டையைத் திருகிக் கழற்றி, டைட்டானியம் கம்பியை மெல்ல உருவினேன். ஒரு சொட்டு நீர்கூட இல்லை. துளையின் விளிம்பு உள்நோக்கி மடிந்து, மற்ற தோலைவிடச் சற்று வெளிறி, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததுபோல் இருந்தது. புதிய அணியைப் பூட்டினேன்.

"இனி உப்புநீர் வேண்டாமா, தம்பி?"

"வேண்டாம் அக்கா. ஆறிடுச்சு."

"அப்போ அந்தப் பத்து நிமிஷம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே கொஞ்சம் யோசித்தார்.

"சரி, சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.